பதினேழாம் எண் தாள்

ஜன்னலோரம் நீங்களே இருங்கள் அம்மா. எனக்கு இந்தப் பக்கம் போதும். அருப்புக்கோட்டைக்குத்தானே? நானும் அங்கேதான். இந்த ஃபைலை மட்டும் மடியில் வைத்துக்கொள்கிறேன். மேலே வைத்தால் யாராவது பையைப் போட்டு மடக்கிவிடுவார்கள். உள்ளே ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது. ஒரு தாளுக்கா இவ்வளவு பத்திரம் என்று பார்க்கிறீர்கள். சொல்கிறேன்.

இன்றைக்கு சி.எல். போட்டுவிட்டு வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் வந்து விசாரித்துப் பாருங்கள். வரலாற்றுத் துறைத் தலைவர் ஞானசௌந்தரி லீவு போட்டாள் என்றால் யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்பார்கள். லீவு விண்ணப்பத்தை வாங்கிய அலுவலக அம்மா, "மேடம், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

முப்பத்தோரு வருஷப் பணி. வருஷத்துக்குப் பன்னிரண்டு சி.எல். டிசம்பர் கடைசியில் பன்னிரண்டும் அப்படியே காலாவதியாகும். அதைப் பெருமையாக மேடையிலேயே சொல்லியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைப்பார்கள். 'பணியில் ஈடுபாடு' என்கிற தலைப்பு எனக்கென்றே ஒதுக்கினது. எனக்கும் குழந்தை இருந்தது, எனக்கும் குடும்பம் இருந்தது, ஒரு நாள்கூட நான் ஆறு மணிக்கு முன்னால் துறையை விட்டுக் கிளம்பினதில்லை என்பேன். கை தட்டுவார்கள்.

எப்படி முடிந்தது என்றா கேட்கிறீர்கள்? மனசு வைத்தால் முடியும் அம்மா. வீட்டில் ராஜாத்தி இருந்தாள், என் வீட்டுக்காரரின் தங்கை. மகன் பிறந்தபோது மூன்று மாதம் ஒத்தாசைக்கு வந்தவள், அப்படியே இருந்துவிட்டாள். இருபத்தேழு வருஷம் ஆயிற்று. அங்கன்வாடியில் டீச்சராக இருந்தாள், அதை விட்டுவிட்டாள். அவளுக்கும் பொழுது போக வேண்டாமா? சமையல், பையனின் படிப்பு, பால்காரர், தண்ணீர் லாரி எல்லாம் அவள்தான். நான் எதிலும் தலையிடுவதில்லை.

அவளால் ஒரே ஒரு தடவைதான் எனக்குத் தலைகுனிவு. துறையிலிருந்து ஒரு பெண் ஃபைல் கொடுக்க வீட்டுக்கு வந்தாள். ராஜாத்தி கோயிலுக்குப் போயிருந்தாள். சரி, நாமே காப்பி போடுவோம் என்று அடுப்படிக்குள் போனால் சர்க்கரையைக் காணோம். ஏழெட்டு டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் ரவை, ஒன்றில் கல் உப்பு. கடைசியில் சர்க்கரை இல்லாமலே கொடுத்தேன். அந்தப் பெண் முழுசும் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு மேடம்" என்றாள். ராஜாத்தி வந்ததும் அவளைச் சத்தம் போட்டேன். ஒரு பொருளை வைத்த இடத்தில் வைக்கத் தெரியாதா என்று.

அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான் இப்போது போகிறேன். மாரிச்செல்வி. எங்கள் துறையில் ஐந்து வருஷம் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். பெயரில்தான் கௌரவம். நிரந்தர வேலை கிடையாது. ஒவ்வொரு ஜூன் மாதமும் துறைத்தலைவர் பரிந்துரைத்தால்தான் அடுத்த வருஷம். அந்தத் துறைத்தலைவர் நான்தான்.

அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எங்கள் துறையில் எந்தப் படிவம் வந்தாலும் அவள் மேசைக்குத்தான் போகும். வருஷாந்திரத் தன்மதிப்பீடு, பதவி உயர்வுக்கான விவரத்தாள், எல்லாப் பேராசிரியர்களுக்கும் அவள்தான் நிரப்புவாள். நாங்கள் கையொப்பம் மட்டும் போடுவோம். "மாரி, உனக்குத் தெரியாததா, நீயே எழுதிடு" என்பேன். அவளும் எழுதிவிடுவாள். நான் எந்த வருஷம் எந்தக் கருத்தரங்குக்குப் போனேன் என்பது எனக்கே மறந்திருக்கும், அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

அவளிடம் குறை ஒன்றே ஒன்றுதான். மூன்றரை மணிக்குக் கிளம்பிவிடுவாள். இரண்டு வயசுக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டிருந்தாள், நாலு மணிக்கு அங்கே பூட்டிவிடுவார்களாம். வகுப்பையெல்லாம் காலையிலேயே வாங்கிக்கொண்டு முடித்துவிடுவாள், அதில் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் பாருங்கள், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு போவது கண்ணை உறுத்தாதா? நான் யாரையும் கடிந்து பேசுகிறவள் இல்லை. வேடிக்கையாகத்தான் சொல்வேன். "என்ன மாரி, உன் கடிகாரம் மட்டும் கொஞ்சம் வேகமா ஓடுதோ?" எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே வேகமாகப் போவாள்.

அப்படி இருக்கும்போதுதான் ரிஸ்வானா வந்தாள். சமூகவியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. ஆய்வுத் தலைப்பே 'பெண் பல்கலைக்கழக ஆசிரியர்களின் பணி, வாழ்க்கைச் சமநிலை'. ஒரு கட்டு வினாத்தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். துறைத்தலைவர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், அதுதான் எங்கள் முறை. முகப்புக் கடிதத்தைப் படிக்காமலே கையொப்பம் போட்டேன். அது தர மதிப்பீட்டுக் குழு வருகிற வாரம், மேசை தெரியாத அளவுக்கு ஃபைல்.

நாற்பது கேள்விக்கு டிக் அடித்தால் போதும். கடைசிப் பக்கம் மட்டும் தனித்தாள், மேலே ஓர் எண், கீழே ஒரே ஒரு கேள்வி. 'உங்கள் வேலையையும் வீட்டையும் பற்றி இதுவரை நீங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்று.' அந்தத் தாள்களைத் தனி உறையில் போட வேண்டும். பெயர் கிடையாது.

எனக்கு வந்த படிவத்தை மாரியிடம்தான் கொடுத்தேன். ஆமாம். "உனக்குத் தெரியாததா, நீயே எழுதிடு."

ஒரு வாரத்தில் உறை என் மேசைக்கு வந்தது. ஒட்டவில்லை. பிரித்தேன். துறைக்குப் பொறுப்பு நான், வெளியே என்ன போகிறது என்று நான் பார்க்க வேண்டாமா? ஐந்து தாள் இருந்தது. நாலில் ஒன்றுமில்லை. 'எல்லாம் இறைவன் செயல்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். மற்றவர்கள் ஒரு கோடு கிழித்துவிட்டார்கள். ஐந்தாவது தாள் மட்டும் நிறைய எழுதியிருந்தது. முப்பது வருஷமாக விடைத்தாள் திருத்திய கண் அம்மா. ஒரு வரி பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மாரிச்செல்வியின் கையெழுத்து.

அதில் இருந்ததை அப்படியே சொல்கிறேன், மனப்பாடம் ஆகிவிட்டது. 'மாலையில் நான் துறையிலேயே உட்கார்ந்திருப்பது வேலை இருப்பதால் அல்ல. என் வீடு நான் இல்லாமலே நடந்து பழகிவிட்டது. அங்கே நான் விருந்தாளி. என் பொருள் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போங்கள் என்று யாராவது ஒருவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் போயிருப்பேன். எல்லாரும் கை தட்டிவிட்டார்கள்.'

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவே வேண்டாம். மூன்றரை மணிக்குக் கிளம்புகிறவள், மாலையில் உட்கார்ந்திருக்கிறாளாம். பொய் பாருங்கள். இந்தத் துறை இவளை வீட்டுக்குப் போகவிடாமல் கட்டிவைத்திருக்கிறது என்று ஊரெல்லாம் படிக்கிற ஆய்வில் எழுதி வைக்கிறாளே. நான் செய்து கொடுத்த சலுகைக்கு இதுவா? உறையை ஒட்டி அனுப்பிவிட்டேன். அவளிடம் கேட்க முடியவில்லை. கேட்டால் நான் பிரித்துப் பார்த்ததும் வெளியே வந்துவிடும்.

ஜூன் மாதம் பரிந்துரைப் பட்டியல் போனது. அவள் பெயருக்கு எதிரே, 'பணியில் ஈடுபாடு போதாது' என்று தட்டச்சு செய்யச் சொன்னேன்.

முடிவான பட்டியல் திரும்பி வந்த அன்றைக்கு அவள் என் அறைக்கு வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது. காப்பகம் அன்று லீவோ என்னவோ.

"மேடம், லிஸ்ட்ல என் பேரு இல்ல."

"தெரியும்."

"ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மேடம்?"

"நீ எழுதினதை நான் பார்த்தேன் மாரி. கடைசிப் பக்கத்துல."

அவள் முகம் கறுத்துவிட்டது. குழந்தை என் மேசையில் இருந்த பேனா ஸ்டாண்டை இழுத்தது, அதன் கையை எடுத்துவிட்டாள்.

"நாப்பது கேள்விக்கும் வழக்கம்போல நல்லதாத்தான் அடிச்சேன் மேடம். கடைசிப் பக்கத்துல அப்படி எழுத வரல. உங்களை நினைச்சுத்தான் எழுதினேன். எழுதும்போது அழுகையே வந்துருச்சு. நீங்க அனுப்புமுன்ன படிப்பீங்க, படிச்சா ஒருவேளை..."

"ஒருவேளை என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். என் தப்புதான்."

ஒப்புக்கொண்டாள் பாருங்கள் என்று நினைத்தேன். என்னை நினைத்து எழுதினாளாம், என்னைக் குத்திக் காட்ட. கண்ணீர் வேறு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி, "மதியம் போட வேண்டிய மாத்திரையை உங்க டேபிள்ல வச்சிருக்கேன் மேடம், மறந்துராதீங்க" என்றாள். அதுகூட நடிப்பு என்று பட்டது எனக்கு.

உங்களுக்குப் புரிந்துவிட்டது, இல்லையா? உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கால் மணி நேரம் கேட்ட உங்களுக்குப் புரிகிறது. எனக்கு ஒன்றே முக்கால் வருஷம் ஆயிற்று.

போன மாதம் ரிஸ்வானாவுக்கு வாய்மொழித் தேர்வு. யாரும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். நான் முன்வரிசையில் இருந்தேன். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். திரையில் அட்டவணை, சதவீதம் எல்லாம் காட்டினாள். பிறகு, "எண்கள் சொல்லாத ஒன்றை ஒரே ஒருவர் சொல்லியிருக்கிறார்" என்றாள். திரையில் பெரிய எழுத்தில் வந்தது. பதிலளித்தவர் எண் பதினேழு. பெண். பேராசிரியர், துறைத்தலைவர். பணி அனுபவம் இருபத்தொன்பது ஆண்டுகள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இருபத்தொன்பது வருஷம் போட்ட பெண் துறைத்தலைவர் அப்போது ஒருத்திதான்.

கீழே அந்த வரிகள். மாலையில் நான் துறையிலேயே உட்கார்ந்திருப்பது வேலை இருப்பதால் அல்ல.

இது வேறு யாரோ எழுதியது, தாள் மாறிவிட்டது என்று எழுந்து சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். இந்த ஆய்வில் கௌரவ விரிவுரையாளர்கள் உண்டா என்று. ரிஸ்வானா, "இல்லை ஐயா, நிரந்தர ஆசிரியர்கள் மட்டும்தான், முகப்புக் கடிதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறேன்" என்றாள்.

மாரிக்குப் படிவமே கிடையாது அம்மா. எங்கள் துறையில் நிரந்தரப் பெண்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். உறையில் இருந்ததும் ஐந்து தாள். நான் எண்ணிப் பார்க்கவில்லை. கல்வெட்டைச் செதுக்கியவன் வேறு, அதில் பேசுகிறவன் வேறு, யாருடைய குரல் என்று முதலில் பாருங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் முதல் பருவத்தில் பாடம் நடத்துகிறவள் நான்.

இதுவரைக்கும் நடந்தது தப்பு. தப்பு யாருக்கும் வரும். வெட்கக்கேடு இனிமேல்தான் இருக்கிறது. இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

தேர்வு முடிந்து வெளியே தேநீர், சமோசா. எல்லாரும் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஆங்கிலத் துறை உமையாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு துணிச்சல் மேடம் உங்களுக்கு. நாங்களெல்லாம் கோடு கிழிச்சுட்டோம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், "அன்னிக்குப் பயிற்சியில நீங்க பேசினதைக் கேட்டு ரொம்பப் பயந்துட்டேன் மேடம். இன்னிக்குத்தான் மூச்சு வந்துச்சு" என்றாள். ரிஸ்வானா குனிந்து காலைத் தொட்டாள். "என் ஆய்வுக்கு உயிரே உங்க பதில்தான் மேடம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உண்மையை எழுதுறதுக்கு என்னம்மா துணிச்சல்" என்றேன்.

அப்படியே சொன்னேன். வாய் கூசவில்லை. சமோசாவைத் தின்றுகொண்டே சொன்னேன். அதை எழுதினவளை ஈடுபாடு போதாது என்று அனுப்பிவிட்டு, அவள் எழுதினதற்கு நான் கை குலுக்கல் வாங்கினேன்.

அன்றைக்கு நாலரை மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டேன். ராஜாத்தி கதவைத் திறந்து, "என்ன மதினி, உடம்புக்கு முடியலையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றேன். காப்பி போடட்டுமா என்றாள். நான் போடுகிறேன், நீ உட்கார் என்று அடுப்படிக்குள் போனேன். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "நீல மூடி, மதினி" என்றாள். அவளுக்கு எத்தனை கரண்டி என்று கேட்க வேண்டியிருந்தது. "நான் சர்க்கரை போட்டுக்கிறதில்லை மதினி. அஞ்சு வருஷமாச்சு. சுகர்." இருபத்தேழு வருஷம் அம்மா. அன்றுதான் எனக்குத் தெரியும்.

மாரி இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருக்கிறாள். ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல். முனைவர் பட்டம் வாங்கினவள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும், துறைத்தலைவர் கொடுக்க வேண்டும். போன வருஷமே ஒருமுறை எழுதிக் கேட்டாள். கோபத்தில் இழுப்பறைக்குள் போட்டேன். தேதி போய்விட்டது. இந்த வருஷம் மறுபடியும் எழுதினாள், படிவத்தையும் வைத்து. அப்போதும் உள்ளேதான் கிடந்தது. வாய்மொழித் தேர்வு முடிந்தபிறகாவது எடுத்திருக்க வேண்டும், இல்லையா? எடுக்கவில்லை. அப்போது கோபம் இல்லை. இழுப்பறையைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. போன வாரம் மூன்றாவது கடிதம் வந்தது. இரண்டே வரி. 'மேடத்துக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.' குறை சொல்லி ஒரு வார்த்தை கிடையாது. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளி என்றால் நாளைக்கு. ஆமாம், நாளைக்குத்தான்.

தபாலில் அனுப்பியிருக்கலாம். கூரியர் இருக்கிறது. நேரில் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். என்ன சொல்வது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். மேடையில் ஒரு மணி நேரம் குறிப்பில்லாமல் பேசுகிறவள், இரண்டு வரி வரவில்லை. பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடுமாம். விட்டதும் கிளம்பிவிடுவாள். தாமதமாகாமல் போய்விட வேண்டும்.

பாருங்கள், பேச்சுவாக்கில் மறந்தே போனேன். இந்தத் தாளில் ஓர் இடம் இன்னும் நிரப்பவில்லை. மற்றதெல்லாம் அலுவலகத்தில் தட்டச்சு செய்துவிட்டார்கள், என் கையொப்பமும் முத்திரையும் இருக்கிறது. இதோ, இந்தக் கட்டம். 'பணியில் ஈடுபாடு: துறைத்தலைவரின் கருத்து. கையால் நிரப்புக.' காலையிலிருந்து நாலு தடவை பேனாவை எடுத்தேன், ஓடவில்லை. பஸ் வேறு குலுங்குகிறது. உங்கள் பையில் பேனா இருக்கிறதே. கையெழுத்து நன்றாக இருக்கும் போலிருக்கிறது. இந்தாருங்கள், அட்டையோடு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு வரி போதும்.

என்ன எழுதுவதா? இவ்வளவு நேரம் கேட்டீர்களே அம்மா. உங்களுக்குத் தெரியாததா, நீங்களே எழுதிவி...

கொடுங்கள்.

கொடுங்கள் அம்மா, அந்தத் தாளை. எழுத வேண்டாம். ஒன்றும் எழுதிவிடவில்லையே?

நானே எழுதுகிறேன். பஸ் குலுங்கினால் குலுங்கட்டும். பந்தல்குடி இன்னும் வரவில்லையே? அப்படியானால் நேரம் இருக்கிறது. எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்து வருஷத்தில் அவள் என் கையொப்பத்தைத்தான் பார்த்திருக்கிறாள், கையெழுத்தைப் பார்த்ததில்லை.

அந்தப் பேனாவை மட்டும் கொஞ்சம் கொடுங்கள்.